பாத்ரூமுக்குள் கேஸ் கீசர்: ஜன்னலை அடைத்தது யார் குற்றம்?

மூடுபனி_ஃபெர்ன்ஹில்:
ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் வாடகை வீடு, வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பாத்ரூம் 5க்கு 6 அடி. கேஸ் கீசரை உள்ளேயே, ஷவருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், சிலிண்டர் மட்டும் வெளியே. மேலே ஒரு சின்ன ஜன்னல். இந்த ஜனவரிக் குளிரில் காலையில் புல்லெல்லாம் உறைபனி, அந்த ஜன்னல் காற்று முதுகில் பட்டால் குளிக்கவே முடியாது என்று நான்தான் பாலித்தீன் வைத்து ஆணி அடித்தேன். போன ஞாயிறு தலைக்குக் குளித்துவிட்டு வந்த மனைவி கதவைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். தலைவலி, வாந்தி. பித்தம் என்று நினைத்து சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். இப்போது கீசரை வெளியே மாற்றித் தரச் சொன்னால் வீட்டுக்காரர், "ஜன்னலை அடைச்சது நீங்க, எட்டு வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்கிறார். நியாயமா இது?

குன்னூர்_வீட்டுக்காரன்:
நான் 3 வீடு வாடகைக்கு விட்டவன், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. ஜன்னல் வைத்ததே அதற்குத்தானே? என் வீட்டில் ஒருத்தர் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்குள் பழைய ஸ்வெட்டரைச் சுருட்டித் திணித்திருந்தார், காலி செய்த அன்றைக்குத்தான் பார்த்தேன். குளிர் எல்லோருக்கும்தான். அப்புறம் அது பித்தமாகவும் இருக்கலாம், ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?

மூடுபனி_ஃபெர்ன்ஹில்:
பார்த்தோம் அண்ணே, கொரோனா சமயத்தில் வாங்கியது இருந்தது. 98 காட்டியது.

குன்னூர்_வீட்டுக்காரன்:
98 இருந்தால் அப்புறம் என்ன. கீசரை விடுங்கள், ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்று பாருங்கள்.

நைட்_டூட்டி_அக்கா:
அந்த 98ஐ நம்பாதே தம்பி. நான் வார்டில் வேலை பார்க்கிறவள். கேஸ் சரியாக எரியாதபோது வருவது கார்பன் மோனாக்சைடு, அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் அந்தச் சின்ன மெஷினுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, விஷம் ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98, 99 காட்டும். ரத்தம் எடுத்துத் தனியாகப் பார்த்தால்தான் தெரியும். வாசனையும் கிடையாது, சிலிண்டர் கசிந்தால் மூக்கில் ஏறுகிற நாற்றம் கம்பெனியில் வேண்டுமென்றே சேர்ப்பது, எரிந்த புகைக்கு அது இருக்காது. குளிருக்குக் கரி அடுப்பை ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குகிறார்களே, அதே விஷம்தான். மனைவிக்கு இன்னும் தலைவலி இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் கேஸ் கீசர் என்று முதல் வார்த்தையாகச் சொல்லு. நீ சொல்லாவிட்டால் வைரல் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள்.

கோத்தகிரி_பைப்காரன்:
ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று சண்டை போடுவதே தப்பு. ஒரு கணக்கு சொல்கிறேன். அரை கிலோ கேஸ் ஒழுங்காக எரிய கிட்டத்தட்ட 8 கிலோ காற்று வேண்டும். 5க்கு 6, உயரம் 8 அடி பாத்ரூமில், ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில், இருக்கிற காற்றே மொத்தம் ஆறேழு கிலோதான். கீழே சமவெளியைவிட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அந்தக் காற்றைத்தான் கீசரும் இழுக்கிறது, குளிக்கிறவரும் இழுக்கிறார். காற்று தீரும் வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை, குறைய ஆரம்பித்தாலே தீ கெட்டுப்போகும். நீலமாக எரிய வேண்டியது மஞ்சளாக நாக்கை நீட்டும், மேலே கரி பிடிக்கும். முன்மூடிக்கு மேல் விரல் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், கறுப்பாக வந்தால் சந்தேகமே வேண்டாம். இது வெளிச்சுவரில் மாட்ட வேண்டிய சாமான், உள்ளே வர வேண்டியது வெந்நீர் பைப் மட்டும்தான்.

குன்னூர்_வீட்டுக்காரன்:
சொல்வது சுலபம் சார். வெளியே மாட்டினால் மழையில் நனையும், காற்றடித்தால் தீ அணையும், பைப்பில் வருவதற்குள் தண்ணீர் ஆறிப்போகும். இதற்கெல்லாம் செலவு யார் தருவது? 2017 வாடகைச் சட்டத்தைப் படித்தேன், இரண்டாம் அட்டவணையில் கீசர் ரிப்பேர் வாடகைதாரர் பொறுப்பு என்று தெளிவாக இருக்கிறது.

கேத்தி_வாத்தியார்:
அதே அட்டவணையில் அதற்கு முந்தின பகுதியையும் படியுங்கள். தேவைப்படும்போது குழாய் மாற்றுவதும் மின் வயரிங்கும் வீட்டு உரிமையாளர் தலையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால்தான் மாறும். அதோடு, தப்பான இடத்தில் மாட்டியதை மாற்றுவது எப்படி ரிப்பேர் ஆகும்? கெட்டுப்போனதைச் சரி செய்வதுதான் ரிப்பேர். தம்பி ஜன்னலை அடைத்தது தவறு, அதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் உறைபனி விழும் ஊரில் ஜன்னலை யாராவது ஒருநாள் அடைக்கத்தான் செய்வார்கள் என்று தெரியாமலா அதை உள்ளே மாட்டினார்கள்?

கோத்தகிரி_பைப்காரன்:
மழைக்கு மேலே ஒரு தகரம், அவ்வளவுதான். பைப் சிபிவிசி போடுங்கள், சாதா பிவிசி வெந்நீரில் வளைந்து மூட்டு விட்டுவிடும். மேலே கறுப்பு ஃபோம் உறை சுற்றினால் சூடு நிற்கும்.

குன்னூர்_வீட்டுக்காரன்:
இந்த வம்பே வேண்டாம் என்றுதான் நான் மூன்று வீட்டிலும் கரண்ட் கீசர் வைத்தேன். அதிலும் நிம்மதி இல்லை. ஒரு வீட்டில் பக்கவாட்டு வால்விலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது என்று தினமும் போன். கடைசியில் ஆள் விட்டு எண்ட் கேப் போட்டு அடைத்தேன், அப்புறம் சத்தமே இல்லை.

கோத்தகிரி_பைப்காரன்:
ஐயா, முதலில் அந்த வீட்டுக்குப் போன் போட்டு கீசர் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். 25 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 60க்குப் போனால் 400 மில்லி கூடும், அந்தக் கூடுதல்தான் அங்கே சொட்டுகிறது. சூடாகும்போது சொட்டினால் வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம். சுவிட்ச் அணைத்த பிறகும் நாள் முழுக்க ஒழுகினால் வால்வை மாற்றுங்கள், 24 மணி நேரமும் சொட்டினாலும் அடைக்கக் கூடாது. தண்ணீர் சூடானதும் கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு சூடு ஏறிக்கொண்டே போனால் அழுத்தம் போக வழி அது ஒன்றுதான், அதையும் மூடிவிட்டால் டேங்க் வெடித்துச் சுவரோடு வரும்.

குன்னூர்_வீட்டுக்காரன்:
அணைக்கச் சொல்லிவிட்டேன். நாளைக்குக் கேப்பைக் கழற்ற ஆள் போகிறது. இதை எவனும் எனக்குச் சொல்லவில்லை, போட்டவனும்தான். ஆனால் ஜன்னல் விஷயத்தில் என் கருத்தில் மாற்றமில்லை, ஆணி அடிப்பதற்கு முன் ஓனரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூடுபனி_ஃபெர்ன்ஹில்:
கேட்டிருக்கலாம்தான் அண்ணே. விரல் வைத்துத் தேய்த்தேன், மை மாதிரி வந்தது. போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன், அதற்குப் பிறகு எட்டு வருஷக் கதை வரவில்லை. சனிக்கிழமை பிளம்பரோடு வருகிறாராம், பைப் செலவில் பாதி நான் தந்தால். பாலித்தீனைக் கிழித்தாயிற்று, கீசர் பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டேன். மனைவிக்கு இப்போது பரவாயில்லை, சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதுவரை அடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் தூக்குகிறோம்.

கேத்தி_வாத்தியார்:
பாதி தருவதானால் எழுதி வாங்கிக்கொண்டு தாருங்கள், வாடகையில் கழிக்கிறாரா என்றும் கேளுங்கள்.

நைட்_டூட்டி_அக்கா:
வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பக்கெட்டில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்று, வெந்நீர் அப்புறம். 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலை உரித்துவிடும், அண்டாவில் இருப்பது அதைவிடச் சூடு.