லெயிஸ்மோ குறித்த கட்டுரை: தரவக எடுத்துக்காட்டுகளுக்கு எப்படிச் சான்று காட்டுவது?

மருதம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதுகலையில் ஸ்பானிய மொழியியல் படிக்கிறேன். பருவ இறுதிக் கட்டுரைக்கு லெயிஸ்மோவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘அவனைப் பார்த்தேன்’ என்று சொல்ல ‘லோ வி’ என இரண்டாம் வேற்றுமை வடிவம் வர வேண்டிய இடத்தில், ‘லெ வி’ என நான்காம் வேற்றுமை வடிவத்தை இடுகிற வழக்கு அது. ஸ்பானிய மொழிக்கு விதி வகுக்கும் அமைப்பான ஸ்பானிய அரச கழகத்தின் வரலாற்றுத் தரவகமான (பழைய நூல்களின் தேடத்தக்க மின்தொகுப்பான) கோர்தேயிலிருந்து இடைக்கால எடுத்துக்காட்டுகளைத் திரட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் தரவகத்தின் பெயரையும் பார்த்த நாளையும் குறித்தால் போதுமா? எது சரியான வழக்கு என்று சொல்லும் இடத்தில் கழகத்தின் அகராதியைக் காட்டுவதா, இலக்கணத்தைக் காட்டுவதா? இரண்டு குடும்பப் பெயர் உடைய ஆசிரியர்களைத் துணைநூற்பட்டியலில் எந்த எழுத்தின் கீழ் வைப்பது என்பதும் தெளிவாகவில்லை.

சுவடியன்

தரவகத்தின் பெயரும் நாளும் கட்டாயம் வேண்டும். ஆனால் இடைக்கால எடுத்துக்காட்டுக்கு அவை மட்டும் போதமாட்டா. கோர்தேயில் கிடைக்கும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் பதிப்பித்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது. நூற்பெயர், பதிப்பாசிரியர், பதிப்பு ஆண்டு ஆகியவற்றைத் தேடல் முடிவே காட்டும். அவற்றையும் சேர்த்து எழுதுங்கள். நூல் கைக்கு எட்டுமானால் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டும் பாருங்கள். பல பதிப்பாசிரியர்கள் எழுத்துக்கூட்டலையும் நிறுத்தற்குறிகளையும் தற்கால முறைக்கு மாற்றியிருப்பார்கள். சிலர் பிழை என்று கருதிய இடங்களைத் திருத்தியும் இருப்பார்கள். நீங்கள் ஆராய்வதோ ‘லெ’ என்பதா ‘லோ’ என்பதா என்ற ஓரெழுத்து வேறுபாடு. ஆகவே அந்த எழுத்து சுவடியில் உள்ளதா, பதிப்பாசிரியர் இட்டதா என்பதிலேயே கட்டுரையின் வலு இருக்கிறது.

ஆண்டு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இடைக்கால ஸ்பானிய வீரகாவியமான ‘சிட் காவியம்’ எப்போது இயற்றப்பட்டது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. மெனென்தெஸ் பிதால் 1140ஐ ஒட்டிய காலத்தைச் சொன்னார். நூலிறுதிக் குறிப்பு, பெர் அபாத் என்பவர் 1245ஆம் ஆண்டில் எழுதியதாகக் கூறுகிறது. அது இடைக்கால ஸ்பெயினில் வழங்கிய ஸ்பானிய ஊழி என்ற தனி ஆண்டுக் கணக்கு. 38 ஆண்டுகளைக் கழித்தால் 1207 வரும். இன்று மத்ரித் தேசிய நூலகத்தில் இருக்கும் ஒரே சுவடியோ 14ஆம் நூற்றாண்டுப் படி. இந்தக் காவியத்தின் ஒரு வரியை ‘12ஆம் நூற்றாண்டு வழக்கு’ என்று எழுதினால், இரு நூற்றாண்டு கழித்துப் படியெடுத்தவரின் பேச்சு அதில் கலந்திருக்கக்கூடும் என்ற ஐயத்துக்கு உங்களிடம் விடை இருக்காது. எனவே இயற்றப்பட்ட காலம், சுவடியின் காலம் என இரண்டையும் எடுத்துக்காட்டின் அருகிலேயே கொடுங்கள். நாள் குறிக்கப்பட்ட மூல ஆவணங்களே வேண்டும் என்றால் அல்கலா பல்கலைக்கழகத்தின் கோதேயா தரவகத்தைப் பாருங்கள். ஆவணத்தின் படமும், எழுத்துக்கு எழுத்து பெயர்த்த வடிவமும், சீர்செய்த வடிவமும் அங்கே ஒருங்கே கிடைக்கும்.

அகராதியா இலக்கணமா என்றால், வேற்றுமை பற்றிய கேள்விக்கு இலக்கணம்தான். 2009இல் வெளிவந்த புதிய இலக்கணத்தைப் பக்க எண்ணால் சுட்டாமல், பிரிவு எண்ணும் அதன் பின்வரும் எழுத்தும் இட்டுச் சுட்டுவதே இத்துறையின் வழக்கம். அதோடு, ‘அரச கழகம் கூறுகிறது’ என்று ஆண்டில்லாமல் எழுதவே எழுதாதீர்கள். இன்று ஆண் ஒருவரைக் குறிக்கும் ஒருமையில் மட்டும் ‘லெ’ வடிவத்தை ஏற்கும் இதே கழகம், 1796ஆம் ஆண்டு இலக்கணத்தில் அதையே சரி என்று விதித்து ‘லோ’ வடிவத்தை விலக்கியது. எந்த ஆண்டின் கழகம் என்று சொல்லாவிட்டால் அந்த மேற்கோளுக்குப் பொருளே இல்லை.

நெய்தல்

சுவடியன் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். போஸ்கே, தெமோந்தே இருவரும் தொகுத்து 1999இல் மூன்று தொகுதிகளாக வந்த விளக்க இலக்கணத்தில், உங்கள் பொருளைப் பற்றிய 21ஆம் இயலை எழுதியவர் இனெஸ் ஃபெர்னாந்தெஸ்-ஓர்தோனியெஸ். தொகுப்பாசிரியர்களின் பெயரால் அதை மேற்கோள் காட்டுகிற மாணவர் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பல ஆண்டு களப்பணி செய்து, ஸ்பெயினின் காஸ்தீல் வட்டாரத்தின் சில பகுதிகளில் வேற்றுமையைவிட எண்ணக்கூடிய பொருளா, எண்ண இயலாத பொருளா என்பதே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டியவர் அவர். 1990இல் தொடங்கி அவர் வழிநடத்திவரும் கோசேர் தரவகத்தில் கிராமத்து முதியவர்களின் பேச்சை ஒலிப்பதிவாகவே கேட்கலாம். அங்கிருந்து எடுத்தால் ஊரையும் மாகாணத்தையும் நேர்காணல் ஆண்டையும் குறியுங்கள். ஊர் தெரியாத லெயிஸ்மோ எடுத்துக்காட்டால் பயனில்லை.

பெயர் வரிசைக்கு விதி எளிது: முதல் குடும்பப் பெயரே தலைச்சொல். மெனென்தெஸ் பிதால் ‘மெ’ என்பதில் வருவார். ‘பி’ என்பதில் தேடினால் கிடைக்க மாட்டார். மேற்கோள் மென்பொருள்கள் சில வேளைகளில் கடைசிச் சொல்லை மட்டும் குடும்பப் பெயராகப் பிரித்துவிடுவதால், ஒவ்வொரு பதிவையும் கையால் சரிபாருங்கள்.

மருதம்

இருவருக்கும் நன்றி. 1796ஆம் ஆண்டு இலக்கணத்தின் கருத்தை ஒரு பிற்கால நூலின் வழியாகவே அறிந்தேன். மூலத்தைப் பார்க்காமல் அதைக் குறிப்பிடலாமா?

சுவடியன்

குறிப்பிடலாம், ஆனால் எந்த நூலின் வழியாக அறிந்தீர்களோ அதன் பக்கத்தோடு ‘மேற்கோள் காட்டப்பட்டபடி’ என்று எழுதிவிடுங்கள். துணைநூற்பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டுமே இடம்பெற வேண்டும். அதற்கு முன்பு ஒருமுறை தேடிப் பாருங்கள்: பழைய இலக்கணங்கள் பலவற்றின் படவடிவம் ஸ்பெயின் தேசிய நூலகத்தின் மின்னூலகத்திலும் மிகெல் தெ செர்வாந்தெஸ் மெய்நிகர் நூலகத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. படம் கிடைத்துவிட்டால், அச்சிட்ட பக்க எண்ணைக் குறியுங்கள்; திரையில் தெரியும் பட எண் அதிலிருந்து வேறுபடும்.