புதுப்பிப்பு: சுருளுக்குள் விழும் காந்தம், இரண்டு முகடும் ஏன் ஒரே உயரம்?

முதல் பதிவில் கேட்டது இதுதான்: கம்பிச் சுருளுக்கு 30 செ.மீ. மேலிருந்து காந்தத்தை விட்டால் அலைவுகாட்டியில் (மின்னழுத்தத்தைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) காந்தம் நுழையும்போது ஒன்றும் வெளியேறும்போது ஒன்றுமாக வரும் இரண்டு முகடும் ஏறத்தாழ சமமாகவே வருகிறது. வெளியேறும்போது வருவது உயரமாக இருக்க வேண்டாமா?

சுருளில் பிழையில்லை, பிழை காந்தத்தை விடும் உயரத்தில். காந்தத்தின் வேகம் கூடினால்தான் முகடும் உயரும். சுருளின் நீளம் 4 செ.மீ. தான். 30 செ.மீ. விழுந்த காந்தம் மேல்வாயில் செக்கனுக்கு 2.42 மீ., கீழ்வாயில் 2.58 மீ.; 7% கூட வித்தியாசமில்லை. 5 செ.மீ. இலிருந்து விட்டால் 0.99, 1.33. மூன்றிலொரு பங்கு கூடுதல், திரையில் பளிச்சென்று தெரியும். உயரத்தைக் காந்தத்தின் நடுவிலிருந்து சுருளின் மேல்வாய் வரை அளவிடுங்கள்.

இரண்டாம் முகடு எதிர்த்திசையில், உயர்ந்து, ஒடுங்கி வரும். ஆனால் முகட்டின் கீழுள்ள பரப்பு இரண்டுக்கும் ஒன்றே: உள்ளே வந்த காந்தப்பாயம் (சுருளை ஊடறுக்கும் காந்தப்புலத்தின் அளவு) முழுதும் வெளியே போகிறது.

மல்டிமீட்டரை மறந்துவிடுங்கள். அது செக்கனுக்கு இரண்டு மூன்று தடவைதான் எண் மாற்றும், துடிப்போ 0.1 செக்கனுக்குள் முடிந்துவிடும்.

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சுருள் சுற்ற எனாமல் பூசிய வயர் வாங்குபவர்கள் முனைகளைச் செம்பு தெரியும்வரை சுரண்டுங்கள். காந்தம் விழும் குழாய் பிவிசி ஆகவே இருக்கட்டும். அலுமினியக் குழாயில் சுழிப்போட்டம் (நகரும் காந்தம் உலோகத்தில் தூண்டும் மின்னோட்டம்) காந்தத்தின் வேகத்தைக் குறைத்து, மேலே போட்ட கணக்கையெல்லாம் கெடுத்துவிடும்.