ஓரியூர் நேர்ச்சையும் தொண்டிப் படகும்

குழு: பாம்பன் வீடு
வெள்ளி இரவு

ரீட்டா அக்கா: ஞாயிறு காலை 5 மணிக்கு ஓரியூர் கிளம்பணும். அப்பத்தா நேர்ச்சை. பிப்ரவரி 4 அருளானந்தர் திருநாளுக்கே போயிருக்க வேண்டியது. யார் வண்டி?

சேவியர்: என் கேம்பர் பிக்கப் வண்டி இருக்கு அக்கா. திரும்பும்போது தொண்டியில் படகையும் இழுத்துட்டு வந்துடலாம்.

ரீட்டா அக்கா: அந்த வண்டி வேண்டாம். போன வாரம் உச்சிப்புளி போய் வந்ததற்கே அப்பத்தா 2 நாள் படுக்கையை விட்டு எழவில்லை. இடுப்பில் பிளேட் வைத்து 3 மாதம்தான் ஆகிறது.

அமலி: பாலத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் தடக் தடக். மடியில் வைத்திருந்த தூக்குச்சட்டி மூடி தெறித்து ரசம் முழுக்க சேலையில்.

சேவியர்: படகு இழுக்கத்தானே பின் ஸ்பிரிங்கில் 2 இரும்புப் பட்டை சேர்த்தேன். இல்லாவிட்டால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும்.

ஜெரோம் சித்தப்பா: சேவியர், பொறுமையாகப் படி. பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் விறைக்கும். பாரம் இருந்தால் சரி. வெறும் வண்டியில் 4 பேர் உட்கார்ந்தால் அந்தப் பட்டை வளையவே வளையாது, குழியில் விழுகிற அடி நேராக இடுப்புக்குத்தான் வரும். சவூதி தம்மாமில் 11 வருடம் இந்த வேலைதான் பார்த்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் பாரத்தைச் சரியாக ஏற்றாமல் ஸ்பிரிங்கைக் குறை சொன்னவர்கள்.

மரியதாஸ் மாமா: தம்மாம் வந்தாச்சு

ஜெரோம் சித்தப்பா: மாமா, முடித்துவிடுகிறேன். படகும் டிரெய்லரும் சேர்ந்து 1,000 கிலோ என்று வை. வண்டியில் டிரெய்லரை மாட்டும் ஹூக் மேல் 100 முதல் 150 கிலோ அழுத்தம் வரணும். அது குறைந்தால் பாலத்துக் காற்றில் டிரெய்லர் வாலாட்டும். கூடினால் வண்டியின் மூக்கு தூக்கும், ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும்.

சேவியர்: அன்றைக்கு வாலாட்டியது உண்மைதான் சித்தப்பா

ரீட்டா அக்கா: என்றைக்கு? எங்களிடம் சொல்லவே இல்லையே

ஜெரோம் சித்தப்பா: இன்ஜினைப் படகின் பின்னால் தொங்கவிட்டே இழுத்திருப்பாய். அதைக் கழற்றி கேம்பர் தொட்டியில், கேபினை ஒட்டிப் படுக்க வை. படகை டிரெய்லரில் முன்னால் தள்ளிக் கட்டு. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அந்தோணி அண்ணன்: படகு வாங்கியதையே நான் தங்கச்சிமடத்தில் மீன் வாங்கப் போன இடத்தில்தான் கேள்விப்பட்டேன். அப்பா படகை விற்றபோதும் இப்படித்தான்.

அமலி: அண்ணே, அதைப் பிறகு பேசலாம்

அந்தோணி அண்ணன்: 9 வருடமாகப் பிறகுதான்

பிரின்சி: அப்பத்தாவை ராம்நாடு வரை ரயிலில் கூட்டிப் போனால் என்ன? புதுப் பாலம் திறந்து நான் இன்னும் போகவில்லை

மரியதாஸ் மாமா: 2025 ஏப்ரல் 6 திறந்தாங்க. நான் போய்ட்டேன். ஆட்டமே இல்லை

ரீட்டா அக்கா: பெட்டிப் படி ஏற அந்த இடுப்பு விடாது பிரின்சி

பிரின்சி: அப்பத்தாவிடம் கேட்டேன். ரயிலையே கடல் அடித்துப்போன 64 புயலுக்குப் பிறகு பாலத்தில் ரயில் என்றாலே நெஞ்சு அடிக்கிறதாம். சேவியர் வண்டியிலேயே வருகிறேன், முன் சீட்டு கொடு என்கிறார்கள். ஓரியூர் செம்மண் ஒரு பிடி எடுத்து வரணுமாம்.

சேவியர்: அப்பத்தாவுக்கு முன் சீட்டுதான், அதில் பேச்சே இல்லை. சித்தப்பா, பட்டையைக் கழற்றிவிடவா?

ஜெரோம் சித்தப்பா: நாளைக்கே மண்டபத்தில் அந்த இரண்டையும் இறக்கு. இறக்கும்போது பட்டைகளுக்கு நடுவே பார். நம் ஊர் உப்புக் காற்றில் துரு ஏறினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது, மொத்தமும் ஒரே கட்டையாக நிற்கும். நீ படகு இறக்க அச்சு வரை கடலுக்குள் விடுகிறவன். நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி என்றைக்குப் பார்த்தேன்? பட்டை முனையில் இருக்கிற ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் இரண்டையும் பார்க்கச் சொல். பாரத்தைத் தாங்குவது பட்டை, ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர்.

சேவியர்: அப்புறம் படகு?

ஜெரோம் சித்தப்பா: அதற்கு ஏர் பேக், காற்று அடைக்கிற ரப்பர் பை. அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உட்காரும். ஆள் போகும்போது காற்றைக் குறைத்து வைக்கலாம், டிரெய்லர் மாட்டியதும் ஏற்றலாம். இரண்டுக்கும் ஒரே வண்டி என்றால் அதுதான் வழி. அதுவும் பின்பக்கத்தை நிமிர்த்தும், அவ்வளவுதான். ஆர்சியில் போட்ட எடையைக் கூட்டாது. பிரேக்கும் பழைய பிரேக்தான். எவ்வளவு இழுக்கலாம் என்று வண்டிப் புத்தகத்தில் பார்த்தாயா?

சேவியர்: புத்தகம் அம்மா வீட்டு பீரோவில்

ரீட்டா அக்கா: ஏர் பேக் ஞாயிறுக்குள் வருமா?

ஜெரோம் சித்தப்பா: வராது. மதுரையில் கேட்கணும்.

ரீட்டா அக்கா: அப்போது ஞாயிறு அப்பத்தா மட்டும். படகு பிறகு.

சேவியர்: தொண்டிக்காரர் ஞாயிறே எடுக்கச் சொல்கிறார் அக்கா

அந்தோணி அண்ணன்: என் தெருவில் மினி லாரி இருக்கு. கேட்டுச் சொல்கிறேன். படகு யார் பெயரில்?

சேவியர்: அண்ணே, நேரில் வருகிறேன்

மரியதாஸ் மாமா: மதியச் சாப்பாடு தொண்டியிலா, கட்டிட்டுப் போறதா?

அமலி: புளிச்சோறு. ரசம் கிடையாது

ஜெரோம் சித்தப்பா: சேவியர், பட்டை இறக்கியதும் நான்கு சக்கரத்துக்கும் மேலே மட்கார்டு விளிம்பிலிருந்து தரை வரை அளந்து அனுப்பு. டிரெய்லர் மாட்டியபின் ஒருதரம் அள. முன்பக்கம் எவ்வளவு தூக்குகிறது என்று தெரியும்.

சேவியர்: டேப் இல்லை சித்தப்பா

பிரின்சி: என் தையல் டேப் இருக்கு. காலையில் வந்து வாங்கிக்கொள்