எல்0637-ஆ எல்0650-ஆ? முதுகு பிரேஸ் கிளைம் திரும்பத் திரும்ப டினை ஆகுது

கேகேநகர்_கோடர்:
அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். மதுரைலதான் நைட் ஷிஃப்ட்ல அமெரிக்க மெடிகேர் (முக்கியமா வயசானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) கிளைம் பாத்துக்கிருக்கேன், டிஎம்இ, அதாவது மருத்துவ உபகரண டீமுக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் பிரேஸ், ஒரு பேஷண்டுக்கு எல்0637ங்குற பில்லிங் கோட் போட்டுருக்காங்க, இன்னொருத்தருக்கு எல்0650. ரெண்டு டிஸ்கிரிப்ஷனையும் வாசிச்சுட்டேன், முன்னாடி பின்னாடி ரிஜிட் பேனல், பக்கத்துலயும் பேனல், டி9 (நெஞ்சுப் பகுதில ஒன்பதாவது முதுகெலும்பு) வரைக்கும் ஏறும், எல்லாம் ஒண்ணுதான். டாக்டர் ஆர்டர்ல கஸ்டம்னு இருந்துச்சு, அதை நம்பி 0637 போட்டேன், ரெக்கார்ட்ஸ் கேட்டு டினை பண்ணிட்டாங்க, அதாவது பணம் தர முடியாதுன்னுட்டாங்க. டீம் லீட் 0650க்கு மாத்தச் சொன்னாரு, மாத்துனா பிரையர் ஆத் (முன்கூட்டியே வாங்குற அனுமதி) இல்லன்னு அதுவும் டினை. முதுகெலும்பு நொறுங்குன 78 வயசு அம்மாவோட கிளைம் இது, பில்லு அவங்க தலைல போய் விழுந்துருமோன்னு தூக்கமே வரல.

வைகைக்கரை:
தம்பி, பெட்டியப் பாத்தும் கோட் போடக்கூடாது, ஆர்டர்ல இருக்க ஒரு வார்த்தையப் பாத்தும் போடக்கூடாது. பிரேஸ குடுக்கும்போது அதுல என்ன வேலை செஞ்சாங்க, யாரு செஞ்சாங்க, அதுதான் கோடே. 2014ல ரெடிமேட் பிரேஸ் கோடுகள ரெண்டாப் பிரிச்சாங்க, 0631க்கு ஜோடி 0648, 0637க்கு ஜோடி 0650. சர்டிஃபைடு ஆர்த்தாட்டிஸ்ட் (பிரேஸ் பொருத்துற நிபுணர்), இல்லைன்னா அதே அளவு டிரெய்னிங் உள்ளவங்க அந்த உடம்புக்குன்னு டிரிம் பண்ணி, வளைச்சு, மோல்ட் பண்ணிருந்தாத்தான் 0637. ஸ்ட்ராப்ப இழுத்து டைட் பண்றது வீட்டு ஆளே செய்யுற வேலை, அது 0650தான். அதான் எந்த மாடலுக்கு எந்தக் கோட்னு காட்டுற பிடிஏசி லிஸ்ட்ல ஒரே மாடல் ரெண்டு கோட்லயும் இருக்கும், அதப் பாத்து பயப்படாதீங்க. டெலிவரி நோட்ட எடுத்து வாசிங்க மொதல்ல.

மாட்டுத்தாவணி_நைட்ஷிஃப்ட்:
அக்கா சொன்னதுதான் சரி. கூட ஒண்ணு, 0648க்கும் 0650க்கும் 2022 அக்டோபர்ல இருந்து அமெரிக்கா பூராவும் பிரையர் ஆத் கட்டாயம், 0637க்கு அப்ப அந்தக் கட்டாயம் இல்ல, அதனாலதான் கோட மாத்துனதும் இங்கிட்டு வந்து முட்டுது. 2019 ஏப்ரல்ல பிரேஸ் மோசடில 24 பேர் மேல கேஸ் போட்டாங்க, 120 கோடி டாலருக்கு மேல, போன்லயே வயசானவங்களப் பிடிச்சு தேவையில்லாத பிரேஸ அனுப்பிருக்காங்க. அதுக்கப்புறம் பிரேஸ்னாலே துருவித் துருவித்தான் பாக்குறாங்க, நம்மள மாதிரி நேர்மையா வேலை பாக்குறவங்களுக்கும் சேத்து அடி. அந்த அம்மாவப் பத்தி கேட்டீங்கல்ல, டினையல்ல பணம் யாரு பொறுப்புன்னு காட்டுற குரூப் கோட் சிஓவா, பிஆரான்னு (பேஷண்ட் பொறுப்பு) பாருங்க. சிஓன்னா பேஷண்டுக்கு பில் அனுப்பவே கூடாது, சப்ளையர்தான் ஏத்துக்கணும்.

கேகேநகர்_கோடர்:
இப்பத்தான் பாத்தேன், சிஓதான், மனசு லேசாச்சு. ஆனா டெலிவரி நோட்ல ஸ்ட்ராப் அட்ஜஸ்ட் பண்ணோம்னு ஒரே வரிதான் இருக்கு. அப்ப 0650ன்னே இருக்கட்டுமா, இல்ல சப்ளையர்ட்ட புதுசா ஒரு நோட் எழுதி வாங்கச் சொல்றாங்க, வாங்கலாமாக்கா?

வைகைக்கரை:
வாங்காதீங்க தம்பி. செய்யாத வேலைய இப்ப உக்காந்து எழுதி வாங்குனா அது வேற கேஸ். 0650ன்னே விடுங்க. பிரேஸ் கைக்குப் போறதுக்கு முன்னாடியே பிரையர் ஆத் போட்ருக்கணும்னு லீட்டுக்கு மெயில்ல எழுதிருங்க, வாயால சொன்னா நாளைக்கு உங்க மேலதான் வரும்.