கம்பித்தளமா, பரணா, சலாகைத் தளமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

முயல் கொட்டில் கையேட்டில் வரும் ‘ஸ்லற்றட் ஃப்ளோர்’ (இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த தளம்) என்பதற்கு அக்கா தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். இதுவரை வந்தவை கம்பித்தளம், பரண். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

நாய் பூனைக்கு உள்ளதுபோல முயலுக்கு உள்ளங்காலில் மெத்தென்ற திண்டு கிடையாது, மயிர் மட்டும்தான். மெல்லிய கம்பியில் நாள் முழுக்கக் குந்தியிருந்தால் பின்னங்காலின் குதிப்பக்கத்தில் மயிர் தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிவிடும். பாரம் கூடிய இனங்களுக்கு இன்னும் கெதியாக வரும். தட்டையான சட்டங்களை இடைவெளி விட்டு அடிப்பதே நாம் பேசும் தளம். அதைக் கம்பித்தளம் என்று எழுதினால், வாசிப்பவர் நேரே ஹார்ட்வெயார் கடைக்குப் போய்க் கம்பிவலைதான் வாங்கி வருவார். முயலின் கால்தான் பாவம்.

பரண் உயரத்தை மட்டும் சொல்கிறது. பலகையை நெருக்கி அடித்தாலும் அது பரண்தான். ஆனால் சிறுநீர் வடிய வழியில்லாவிட்டால், கொழும்பு ஈரக்காற்றில் பலகை காயவே காயாது. அமோனியா நெடி ஏறி முயலின் மூச்சைக் கெடுக்கும்.

என் பரிந்துரை ‘சலாகைத் தளம்’. ஓடு போடக் கைமரத்துக்குக் குறுக்கே இடைவிட்டு அடிக்கும் சலாகையைத் தச்சு வேலை தெரிந்தவர்கள் அறிவார்கள். தட்டை, இடைவெளி இரண்டும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. மூங்கிலைப் பிளந்து செய்தால் மூங்கிற் சலாகை. வளர்ந்த முயலுக்கு இடைவெளி ஏறத்தாழ 12 முதல் 15 மில்லிமீற்றர் வரை: புழுக்கை விழவேண்டும், பாதம் இறங்கக்கூடாது. கொழும்புக் கடைகளில் றீப்பை என்றுதான் கேட்கவேண்டும் என்பதால், முதலில் வரும் இடத்தில் அதையும் பக்கத்தில் போடுவோம்.

ஒரு நாளில் வெளிச்சம் கிடைக்கும் நேரத்தைக் குறிக்கும் ‘ஃபோட்டோபீரியட்’டுக்கு அண்ணை சொன்ன ‘ஒளிநேரம்’ நல்ல சொல். ‘பகல்நேரம்’ சரிவராது. கொழும்பில் பகல் ஆண்டு முழுவதும் 12 மணித்தியாலத்தை ஒட்டியே நிற்கிறது. பெண்முயல் சீராகக் கருத்தரிக்க 14 முதல் 16 மணித்தியால வெளிச்சம் வைப்பது வழக்கம். மிச்சத்தைத் தருவது மின்குமிழ். வெயில் நேரே விழாமல் மறைப்பதும் அதே பந்தியில் வரட்டும், வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் முயல் தாங்காது.

மன்னார், மலையகப் பக்கம் சலாகைக்கு வேறு பெயர் புழங்கினால் எழுதுங்கள்.