நண்டு குறைகிறது, ஆனால் மரபணு நன்றாக இருக்கிறதாம். இது எப்படி?

காயல்கரை:
எங்கள் வீட்டுக்கு முத்துப்பேட்டைக் காயல்தான் சோறு போடுகிறது. களிநண்டு முன்போல இல்லை, பெரிய நண்டு அபூர்வமாகிவிட்டது, 2018 கஜா புயலில் அலையாத்திக்காடு அழிந்த பிறகு இன்னும் மோசம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். இதற்கிடையில் ஓர் ஆய்வுக்குழு வந்து நண்டுகளின் கால் நுனியை வெட்டி ஸ்பிரிட் குப்பியில் போட்டு எடுத்துப் போனார்கள். அப்புறம் விசாரித்தபோது, மரபணுப் பன்முகத்தன்மை நல்ல அளவில் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார்கள். வலையில் நண்டு இல்லாதபோது இதை எப்படி நம்புவது? அப்பா பார்ப்பது தப்பா, அவர்கள் பார்த்தது தப்பா?

உயிரியல் மாணவி:
இரண்டுமே சரியாக இருக்கலாம். எண்ணிக்கை ஒரே வருடத்தில் சரியும், மரபணுப் பன்மை, அதாவது நண்டுக்கு நண்டு மரபணு எவ்வளவு வேறுபடுகிறது என்பது, அவ்வளவு வேகமாகக் குறையாது. இனப்பெருக்கத்தில் உண்மையிலேயே பங்கெடுக்கும் நண்டுகள் 500 என்று வைத்தால்கூட, தாய்வழி வந்த மரபணுவும் தந்தைவழி வந்ததும் வேறாக இருக்கும் அந்த அளவு ஒரு தலைமுறைக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் குறையும், அதாவது பத்துத் தலைமுறை போனாலும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. அந்த அளவு மாற்றம் சில டஜன் கால் நுனிகளில் தெரியாது. முதலில் காணாமல் போவது அரிதான மரபணு வகைகள், அவையும் பெரிய மாதிரி எடுத்தால்தான் பிடிபடும்.

இன்னொன்று, சினை நண்டு முட்டை பொரிக்கக் காயலை விட்டுக் கடலுக்குப் போய்விடும். குஞ்சு மூன்று நான்கு வாரம் மிதந்துகொண்டே ஸோயியா என்ற இளம்பருவத்தில் ஐந்து நிலை, பிறகு மெகலோப்பா என்ற அடுத்த பருவம் என்று வளர்ந்துதான் ஏதோ ஒரு முகத்துவாரத்தில் ஒதுங்கும். அதனால் உங்கள் ஊரில் வெட்டிய கால், உங்கள் காயலை மட்டும் காட்டாது, நீரோட்டம் கலந்துவிட்ட நீண்ட கரையையே காட்டும். பன்மை நன்றாக இருக்கிறது என்பதை நண்டு நிறைய இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஏலக்கடை:
தம்பி, அந்தக் குழு எந்த நண்டை வெட்டினார்கள் என்று முதலில் கேள். எல்லாவற்றையும் களிநண்டு என்றுதான் தராசில் போடுகிறோம், ஆனால் இரண்டு இனம் இருக்கிறது. பச்சை நண்டுக்குக் கொடுக்குக் கை மடங்கும் இடத்தில் வெளிப்பக்கம் இரண்டு கூர் முள் நன்றாகத் தடவக் கிடைக்கும், கால் முழுக்க வலைபோல் கோடு இருக்கும், பெரிதாக வளரும். செங்காவி நண்டுக்கு அந்த இடத்தில் ஒரு முள்தான், அதுவும் மழுங்கி இருக்கும், கம்பி போட்டு வளையிலிருந்து இழுப்பது பெரும்பாலும் இதைத்தான். ஒன்று குறைந்து மற்றது நிலையாக இருந்தால், குறைந்தது எது என்று மொத்த எடையில் தெரியாது.

உயிரியல் மாணவி:
அண்ணன் சொன்னது ரொம்ப முக்கியம். 1998இல் ஆய்வாளர்கள் இந்த இனங்களின் வகைப்பாட்டைச் சீர்செய்த பிறகும் இங்கே பெயர்க் குழப்பம் தீரவில்லை. தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கிய ஸ்கில்லா ட்ராங்குபாரிகா என்று நாம் நெடுநாள் எழுதிய பச்சை நண்டு, மரபணுப்படி ஸ்கில்லா செர்ராட்டா. செங்காவி நண்டு ஸ்கில்லா ஒலிவேசியா. இரண்டையும் ஒரே குப்பியில் கலந்து கணக்குப் போட்டால் பன்மை இல்லாத உயரத்துக்கு ஏறும்.

காயல்கரை:
சரி, அப்படியானால் தொடுவாய்ப் பக்கம் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்கிறார்களே, அதை வாங்கிக் காயலில் விட்டால் நண்டு பெருகாதா?

உயிரியல் மாணவி:
எண்ணிக்கை பெருகலாம். ஆனால் ஒரு தாய் நண்டு பத்து லட்சத்துக்கு மேல் முட்டை சுமக்கும், அப்படி நாலைந்து தாயின் குஞ்சுகளையே காயலில் நிரப்பினால் பன்மை இறங்கும். பண்ணைக் குளத்துக்கு அது பிரச்சினை இல்லை, காயலுக்குள் விடுவதென்றால் பல இடத்துத் தாய்களைக் கொண்டு மாற்றி மாற்றி விட வேண்டும். அதைவிட, நண்டு பிடிக்கும் கூட்டில் விழுந்த சினை நண்டைத் திருப்பி விடுவதும், முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் பார்ப்பதும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வழி அடைந்தால் தாய் வெளியே போகவும் முடியாது, குஞ்சு உள்ளே வரவும் முடியாது.

ஏலக்கடை:
மேட்டூர் திறந்து வடிகால் தண்ணீர் வந்தால் உப்பு இறங்கும், கோடையில் காயல் உப்பு ஏறிக் கிடக்கும். அதையும் சேர்த்துப் பார்க்காமல் போன மாசத்தையும் இந்த மாசத்தையும் ஒப்பிடுவது வீண். ஒரே மாதத்தை வருடத்துக்கு வருடம் ஒப்பிடு.

உயிரியல் மாணவி:
ஆமாம். முதுகில் பெயின்ட் அடித்து விட்டு மறுபடி பிடித்து எண்ணுகிற முறை இங்கே நம்பகமில்லை, நண்டு ஓடு கழற்றும்போது குறியும் போய்விடும். அப்பாவிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள், காயல்கரை. எத்தனை கூடு, எத்தனை இரவு, எந்த நண்டு, ஆணா பெண்ணா, சினை உண்டா, ஓட்டின் அகலம் எவ்வளவு. ஒன்றுமே விழாத இரவையும் எழுதச் சொல்லுங்கள், அதை விட்டுவிட்டால் நண்டு இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.