செவிலியர் பயிற்சியில் மொழியும் மதிப்பெண்ணும்

கேள்வி (பயிற்றுநர், கிருஷ்ணகிரி): தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்த மாணவியர், வார்டில் நோயாளிகளைத் திறம்படக் கவனித்தும், ஆங்கில வாய்மொழித் தேர்வில் தயங்குவதால் மதிப்பெண் இழக்கிறார்கள். இதை எவ்வாறு நியாயமாக்கலாம்?

பதில் (தருமபுரி): அம்மா, ஊசி போடுமுன் நோயாளி, மருந்து, அளவு, செலுத்தும் வழி, நேரம் ஆகிய ஐந்தையும் சரிபார்க்கிறார்களா என்று, அனைவருக்கும் பொதுவான பட்டியலைக் கையில் வைத்து மதிப்பிடுங்கள். மருந்துப் பெயரைப் பிழையின்றி எழுதுவதில் மட்டும் சலுகை கூடாது. அது உயிர் சார்ந்தது.

பதில் (முன்னாள் மாணவி, ஓசூர்): தெலுங்கு பேசும் நோயாளி வந்தால் மொழிபெயர்க்க எங்களையே அழைப்பார்கள், அதனால் எங்கள் செய்முறைப் பயிற்சி தவறிப்போகும், பதிவேட்டிலோ அந்த உழைப்பு ஏறாது. எனக்கு இன்றும் அது வருத்தமே. தவறிய பயிற்சிக்கு மறுவாய்ப்புக் கொடுங்கள், அம்மா.

கேள்வி கேட்டவர்: இந்த வாரமே பதிவேட்டில் அதற்கொரு பத்தி சேர்க்கிறேன்.